ஒட்டுப்பால் பந்தும் ஈரச் சாலையும்

பந்து செய்ய எங்களுக்குக் காசு தேவைப்படவில்லை. ரப்பர் மரத்தில் முதல்நாள் வெட்டிய கோட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை நாடாவாக உரித்து, ஒரு கூழாங்கல்லைச் சுற்றி விறைப்பாக இழுத்துச் சுற்றிக்கொண்டே போனால் அரைமணி நேரத்தில் பந்து. தோட்டத் தொழிலாளர் லயத்துச் சிமெண்டு வாசலில் ஓங்கி அடித்தால் தகரக் கூரையைத் தாண்டி எழும்பும். தம்பியும் நானும் இதைத் திருட்டுத்தனமாகத்தான் செய்வோம். தோட்டத்தில் ஒட்டுப்பாலையும் எடைபோட்டுத்தான் காசு கொடுப்பார்கள். எங்களுக்கு ஒரு பந்து என்றால் பாட்டியின் சாக்கில் அவ்வளவு எடை குறைவு.

பேராக் மாநிலத்தில் கோலகங்சாருக்குப் பக்கத்துத் தோட்டம் அது. பாட்டி முசிறிப் பக்கத்திலிருந்து 1936-ல் ரஜூலா கப்பலில் வந்தவள். முப்பது வருஷத்துக்கு மேல் அங்கே பால்மரம் வெட்டினாள். விடியுமுன் பெரட்டு. பேர் கொடுத்துவிட்டு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போவாள். ஒவ்வொரு மரமாகப் பால் பிடிக்கிற மங்கு துடைத்து வைத்து, பட்டையைக் காகிதக் கனத்துக்குச் சீவுவாள். வெயில் ஏறியதும் பாலைச் சேர்த்தெடுத்து, தோள்மேல் காண்டாவின் இரண்டு முனையிலும் வாளி தொங்க மேட்டிலிருந்து இறங்குவாள். இரவில் மழை பெய்து மரம் நனைந்திருந்தால் வெட்டு கிடையாது. நனைந்த மரத்தில் பால் கோட்டில் நில்லாமல் பட்டை முழுவதும் பரவி வீணாகப் போகும். வெட்டு இல்லாத நாள் கூலியும் இல்லாத நாள். பால் எடுக்கிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் இன்னும் மோசம். செம்மண் சரிவு சவுக்காரம் பூசினதுபோல் ஆகிவிடும்.

ஒருமுறை விழுந்துவிட்டாள். இரண்டு வாளிப் பாலும் சரிவில் வெள்ளையாக ஓடியது. வீங்கிய முழங்காலோடு மறுநாளும் பெரட்டுக்குப் போனாள். போகிறபோது எங்களைப் பார்த்து, "கட்டைவிரலை ஊனி நடங்க புள்ளைங்களா. ஈரத்துல மேலாப்புல வச்ச காலு நிக்காது. உள்ளே இறங்குனாத்தான் நிக்கும்" என்றாள். எனக்கு அப்போது எட்டு வயது. அவள் சொன்னது டயர் விஞ்ஞானத்தில் பாதி என்று தெரிய எனக்கு இன்னும் இருபது வருஷம் ஆனது.

1977-ல் ஒரு டயர் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். முதல் வாரம் கொடுத்த வேலை துள்ளல் சோதனை. தடித்த பொத்தான் போல ஒரு ரப்பர் வில்லை. அதன்மீது சிறிய ஊசல் ஒன்று வந்து மோதும். மோதித் திரும்பி எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று அளவுகோலில் பார்த்து எழுத வேண்டும். கரி கலக்காத இயற்கை ரப்பர், வாங்கியதில் முக்கால் பங்கைத் திருப்பித் தந்தது. டயருக்குள் போடும் டியூப் செய்கிற பியூட்டைல் ரப்பர் பத்தில் ஒரு பங்கு அளவுதான் தந்தது. எங்கள் பால்தான் முதலில் நிற்கிறது என்று மேற்பார்வையாளரிடம் பெருமையாகத் தாளை நீட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "லாரி டயருக்குச் சரிம்மா. கார் ட்ரெட்டுக்கு, அதான் ரோட்டைத் தொடுற மேல்பட்டைக்கு, ஆகாது. இப்படித் துள்ளுற ரப்பர் மழைத் தார்ரோட்டுல நிக்காது" என்றார்.

அந்தச் சொல் என்னைத் தைத்தது. வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் முழுவழியும் அதையே நினைத்துக்கொண்டு போனேன். அதை யார் கண்டுபிடித்தார்கள், எதை எதன்மேல் தேய்த்துக் கண்டுபிடித்தார்கள் என்பதை வேலை பார்த்த வருஷங்களில் துண்டுதுண்டாகத் தெரிந்துகொண்டேன்.

உராய்வைப் பற்றிப் பள்ளியில் சொல்லிக்கொடுத்த விதிகள் பிரெஞ்சுக்காரர்களுடையவை. 1699-ல் அமொந்தோன் சொன்னார். 1785-ல் கூலோம் விரிவாகச் சோதித்து எழுதினார். கூலோமின் சோதனைகள் ரோஷ்ஃபோர் கப்பல் கட்டும் துறையில் நடந்தவை. மரத்தின்மேல் மரம், மரத்தின்மேல் உலோகம் என்று சுமையேற்றி இழுத்துப் பார்த்தார். சுமை இரண்டு மடங்கானால் உராய்வும் இரண்டு மடங்கு. தொடுகிற பரப்பு பெரிதோ சிறிதோ, வித்தியாசமில்லை. வேகத்தாலும் பெரிய மாற்றமில்லை. கப்பல் துறை மரத்துக்கு இதெல்லாம் சரி. ரப்பர் இந்த மூன்றில் எதற்கும் கட்டுப்படாது. இதை உறுதிப்படுத்த இருபதாம் நூற்றாண்டு பாதி கடக்க வேண்டியிருந்தது. இடையில் குட்இயர் 1839-ல் கந்தகம் சேர்த்துச் சூடாக்கி ரப்பரைப் பதப்படுத்தினார். 1876-ல் விக்கம் பிரேசிலிலிருந்து 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். மறு வருஷம் சிங்கப்பூருக்கு 22 கன்றுகள் வந்தன. அவற்றில் 9 எங்கள் கோலகங்சாரில் நடப்பட்டன. அதில் ஒரு மரம் இன்றும் நிற்கிறது. சின்ன வயதில் பள்ளிக்கூடத்திலிருந்து எங்களை வரிசையாக அழைத்துப்போய்க் காட்டினார்கள். 1888-ல் டன்லப் பெல்ஃபாஸ்டில் காற்றடைத்த டயர் செய்தார். உலகமே ரப்பரின்மேல் ஓட ஆரம்பித்தது. அது ரோட்டை எப்படிப் பிடித்துக்கொள்கிறது என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

அமெரிக்கத் தேசியத் தர நிறுவனத்தில் ராத், டிரிஸ்கால், ஹோல்ட் என்ற மூவர் ட்ரெட் ரப்பரை வழவழப்பான பரப்புகளின்மேல் மிக மெதுவாக இழுத்து அளந்தார்கள். வேகம் கூடினால் உராய்வும் கூடுகிறது என்று கண்டார்கள். அவர்களுடைய கட்டுரை வந்த வருஷம் 1942. எங்கள் பக்கத்தில் அந்த வருஷத்தை யாரும் மறக்கமாட்டார்கள். பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மலாயாவின் பால் ஜப்பானியர் கைக்குப் போயிற்று. தோட்டங்களில் வெட்டு நின்றது. மரவள்ளிக் கிழங்குதான் சாப்பாடு. சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடித்தபோது தாத்தாவும் போனார், திரும்பவில்லை.

பால் இல்லாத அமெரிக்கா செயற்கையான ஸ்டைரீன் பியூட்டடையீன் ரப்பரை டன் டன்னாகச் செய்யத் தொடங்கியது. நாங்கள் ஆலையில் எஸ்.பி.ஆர். என்போம். அந்த ரப்பரின்மேல் அன்றைய பொறியாளர்களுக்கு ஒரு பெரிய குறை இருந்தது. மடங்கி நிமிரும்போது சூடாகும். கனரக லாரி டயரில் அந்தச் சூடு டயரையே கெடுத்துவிடும். கொடுத்த சக்தியைத் திருப்பித் தராமல் தனக்குள் சூடாக மாற்றிக்கொள்கிற இந்தக் குணத்துக்கு நம் பௌதிகப் பாடநூல்களில் 'தயக்கம்' என்று பெயர். காந்தப் பாடத்தில் வருகிற அதே சொல். இவ்வளவு பொருத்தமாக ஒரு கலைச்சொல் அமைவது அபூர்வம். அமுக்கினால் உடனே நிமிராமல் ஒரு கணம் தயங்குகிறது, அவ்வளவுதான் விஷயம். இயற்கை ரப்பருக்குத் தயக்கம் குறைவு. எங்கள் பந்து கூரையைத் தாண்டியது அதனால்தான்.

இங்கிலாந்தில் வெல்வின் கார்டன் சிட்டி என்ற ஊரில் 1938-ல் ஒரு ஆய்வு நிலையம் தொடங்கினார்கள். பிரிட்டிஷ் ரப்பர் உற்பத்தியாளர் ஆய்வுச் சங்கம் என்று பெயர். மலாயாவிலிருந்து ஏற்றுமதியாகும் ரப்பர்மேல் போட்ட ஆய்வுத் தீர்வைதான் அதற்குப் பணம். நாங்கள் 'செஸ்' என்றே சொல்வோம். அதே 1938-ல்தான் மலாயாத் தோட்டங்களுக்குக் கூலியாட்களை உதவிப் பணம் கொடுத்து அனுப்புவதை இந்திய அரசாங்கம் தடைசெய்தது. ஆள் வருவது நின்ற வருஷத்தில், வந்த ஆட்கள் வெட்டிய பாலைக் கொண்டு விஞ்ஞானம் தொடங்கியது. பாட்டியின் வாளிக்கு எவ்வளவு செஸ் விழுந்திருக்கும் என்று கணக்குப் போட முடியாது. விழுந்திருக்கிறது என்பது நிச்சயம்.

அந்த நிலையத்தில் அடோல்ஃப் ஷலமாக் என்ற பௌதிகர் 1950-களின் தொடக்கத்தில் ரப்பரின் உராய்வை எடுத்துக்கொண்டார். 1952-ல் அவர் வெளியிட்டது கூலோமுக்கு நேர்மாறான செய்தி. சுமையைக் கூட்டக் கூட்ட, சுமைக்கும் உராய்வுக்கும் உள்ள விகிதம், அதாவது உராய்வுக் குணகம், குறைகிறது. கல்லின் முனைகள் மென்மையான ரப்பருக்குள் அமிழும்போது தொடுகிற பரப்பு சுமையளவுக்கு வேகமாக வளராததுதான் காரணம். அடுத்த வருஷம் வேகத்தையும் வெப்பத்தையும் சேர்த்து அளந்தார். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று பதிலாக நிற்கக்கூடியவை என்ற தடயம் அதில் இருந்தது. அதைப் பத்து வருஷம் கழித்து இன்னொருவர் முழுசாக அவிழ்த்தார். அவரிடம் வருகிறேன்.

அதற்குள் கேம்பிரிட்ஜில் டேவிட் டேபர் ஒரு சோதனை செய்தார். ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் சேர்கிற பிள்ளைகளுக்கு நான் முதலில் சொன்னது எப்போதும் இதைத்தான். ரப்பர் பாளத்தின்மேல் எஃகுக் குண்டை உருட்டி, எவ்வளவு எதிர்ப்பு என்று அளக்க வேண்டும். பிறகு அதே குண்டை உருளாமல் பிடித்து, நன்றாக வழுக்கும்படி மசகு தடவிய ரப்பரின்மேல் இழுக்க வேண்டும். கிரீன்வுட் என்பவரோடு சேர்ந்து டேபர் 1958-ல் எழுதியதன்படி இரண்டு எதிர்ப்பும் ஏறக்குறைய ஒன்றுதான். மசகு பூசிய பிறகு ஒட்டுவதற்கு ஒன்றுமில்லை. இருந்தும் எதிர்ப்பு மிச்சம் இருக்கிறது என்றால் அது ரப்பரின் உள்ளேயிருந்துதான் வர வேண்டும்.

குண்டு ரப்பரில் அமிழ்ந்து நகரும்போது முன்பக்கத்து ரப்பரை அமுக்குகிறது. பின்பக்கத்து ரப்பர் நிமிர்ந்து குண்டை முன்னோக்கித் தள்ளுகிறது. உடனே நிமிர்கிற ரப்பராக இருந்தால் முன்னால் செலவழித்ததைப் பின்னால் திருப்பிக் கொடுத்துவிடும்; எதிர்ப்பு மிஞ்சாது. தயங்கி நிமிர்கிற ரப்பர் பின்னாலிருந்து தள்ளுவதற்குள் குண்டு போய்விடும். முன்னால் இருந்த தடை அப்படியே மிஞ்சும். குண்டுக்குப் பதிலாக ரோட்டுக் கல்லின் முனையையும், மசகுக்குப் பதிலாக மழைத் தண்ணீரையும் வைத்துக்கொள்ளுங்கள். ஈர ரோட்டில் ஒட்டல் போய்விடும். கல்முனை ரப்பருக்குள் இறங்குவதும் ரப்பர் தயங்குவதும்தான் மிச்சம். என் மேற்பார்வையாளர் சொன்ன வாக்கியத்தின் வேர் இதுதான். "உள்ளே இறங்குனாத்தான் நிக்கும்" என்று பாட்டி சொன்னதும் இதைத்தான்.

டேபர் இதைக் குண்டோடு விட்டுவிடவில்லை. ஹார்மண்ட்ஸ்வொர்த்தில் இருந்த ரோடு ஆய்வுக்கூடத்தின் கைல்ஸ், பார்பரா சேபி ஆகியோரோடு சேர்ந்து அதே 1958-ல் டயருக்கும் ரோட்டுக்கும் இடையிலான உராய்வைப் பற்றி எழுதினார். தயக்கம் கூடிய ரப்பரில் ட்ரெட் செய்தால் சொரசொரப்பான ஈர ரோட்டில் பிடிப்பு கூடும் என்று காட்டினார்கள். பார்பரா சேபியின் பெயரை அச்சில் பார்த்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. டயர் ஆலையில் அப்போது பெண்கள் இரண்டு பேர்தான். அந்தப் பக்கத்தைப் பிரதியெடுத்து என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தேன்.

ரோடு ஆய்வுக்கூடம் தந்த இன்னொரு கொடை ஊசல் கருவி. அதன் முன்னோடி அமெரிக்காவில் பிறந்தது. மனிதர் நடக்கிற தரை எவ்வளவு வழுக்கும் என்று அளக்க 1940-களில் சிக்லர் என்பவர் செய்த ஊசல் அது. கைல்ஸும் சேபியும் அதை ரோட்டுக்கு ஏற்றபடி திருத்தினார்கள். இன்று உலகம் முழுவதும் பிரிட்டிஷ் பெண்டுலம் என்ற பெயரில் அறியப்படுகிறது. மூன்று கால் தாங்கி. பக்கவாட்டில் நீட்டி நிற்கும் கை. கையின் நுனியில் 76 மில்லிமீட்டர் அகல ரப்பர் பட்டை. கையை விட்டால் அது கீழே வந்து, ஈரப்படுத்திய பரப்பை ஐந்தங்குல நீளத்துக்குத் தடவிக்கொண்டு அந்தப் பக்கம் ஏறும். தடவியதில் எவ்வளவு சக்தி போயிற்றோ அவ்வளவு குறைவாக ஏறும். ஒரு முள் அந்த உயரத்தில் நின்றுவிடும். துள்ளல் சோதனையின் ஊசலுக்கு இது உடன்பிறப்பு. அங்கே நிறையத் திரும்பி வந்தால் மகிழ்ச்சி, இங்கே குறைவாக ஏறினால் மகிழ்ச்சி.

எங்களிடம் ஒன்று இருந்தது. ரோட்டைச் சோதிக்கிறவர்கள் ரப்பரை ஒன்றாகவே வைத்துக்கொண்டு பரப்பை மாற்றுவார்கள். நாங்கள் பரப்பை வைத்துக்கொண்டு ரப்பரை மாற்றினோம். கண்ணாடித் தகடு, தேய்த்த சலவைக்கல், சிமெண்டுப் பலகை, ரோட்டிலிருந்து துளைத்தெடுத்த தார்க் கட்டை எல்லாம் அலமாரியில் வரிசையாக இருக்கும். ரப்பர் பட்டையின் விளிம்பை உப்புத்தாளில் சீராகத் தேய்த்து, பரப்பில் தண்ணீர் ஊற்றி, முதல் வீச்சை விட்டுவிட்டு அடுத்தவற்றை எழுதுவோம். தண்ணீரின் வெப்பத்தையும் பக்கத்தில் குறிப்போம். காலையில் எடுத்த எண் மத்தியானம் இறங்கும். ரப்பர் சூடானால் தயக்கம் குறைவதுதான் காரணம். ஈரக் கண்ணாடியில் எல்லா ரப்பர்க் கலவையும் ஒன்றாய்ச் சரிந்து விழும். அங்கே நல்லது கெட்டது பிரிக்க முடியாது. தார்க் கட்டையில்தான் எஸ்.பி.ஆர். ஒரு பக்கமும் இயற்கை ரப்பர் ஒரு பக்கமுமாகப் பிரிந்து நிற்கும். தார்க் கட்டையில் என் பால் கீழே நிற்பதை நானே என் கையால் பல நூறு முறை எழுதியிருக்கிறேன்.

கல்லின் பக்கமும் ஒரு கதை உண்டு. சொரசொரப்பான கல்லும் டயர் பட்டுப் பட்டு மெருகேறி வழுக்கலாகிவிடும். எந்தக் கல் எவ்வளவு மெருகேறும் என்று பார்க்க ரோடு ஆய்வுக்கூடத்தார் ஒரு பொறி செய்தார்கள். கல்துண்டுகள் பதித்த 14 மாதிரிகளைச் சக்கரத்தின் விளிம்பில் மாட்டி, ரப்பர் சக்கரத்தை அழுத்தி, மூன்று மணி நேரம் கரடான எமரித் தூளோடும் மூன்று மணி நேரம் நைசான எமரி மாவோடும் ஓட்டுவது. பிறகு அதே ஊசலால் அளப்பது. இந்தியத் தரநிர்ணயமும் இந்தச் சோதனையை எடுத்துக்கொண்டது. ரோட்டுக்குக் கல் பொறுக்குகிறவர்களுக்கு இது உயிர்நாடி; என் வேலைக்கு இது பக்கத்து வீடுதான்.

இனி அந்த இன்னொருவர். கே. ஏ. கிரோஷ் வெல்வின் நிலையத்தில் செய்த வேலை 1963-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஏட்டில் வந்தது. இந்தத் துறையில் ஒரே ஒரு கட்டுரையைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் அதைத்தான் வைத்துக்கொள்வேன்.

ரப்பரை வேகமாகத் தேய்த்தால் சூடாகிறது. சூடானால் அதன் குணமே மாறிவிடுகிறது. பிறகு அளப்பது எந்த ரப்பரை? கிரோஷ் வேகத்தை நொடிக்குச் சில சென்டிமீட்டருக்குமேல் போகவிடவில்லை. அந்த நத்தை வேகத்தில் சூடு ஏறாது. ஆனால் ரோட்டில் டயர் படுகிற பாடு அந்த வேகத்தில் தெரியுமா? அதற்கு அவர் வெப்பத்தை மாற்றினார். மைனஸ் 50 டிகிரி செல்சியஸிலிருந்து 100 டிகிரி வரை ஒவ்வொரு வெப்பத்திலும் அதே மெதுவான இழுப்பு. குளிரில் ரப்பரின் மூலக்கூறுகள் மந்தமாக அசைகின்றன. மந்தமானவனுக்கு மெதுவான இழுப்பும் வேகமாகத் தெரியும். குளிரில் மெதுவாக இழுப்பதும் வெயிலில் வேகமாக இழுப்பதும் ரப்பருக்கு ஒன்றே. இந்த மாற்றுக் கணக்கை வில்லியம்ஸ், லாண்டல், ஃபெர்ரி என்ற மூவர் 1955-ல் வேறு காரியத்துக்காக எழுதி வைத்திருந்தார்கள். கிரோஷ் அதைப் போட்டுப் பார்த்தார். தனித்தனியாகக் கிடந்த துண்டுக் கோடுகள் எல்லாம் நகர்ந்து வந்து ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே வளைகோடாயின. உராய்வைத் தனியாகவும் ரப்பரின் தயக்கத்தைத் தனியாகவும் அளந்து, இரண்டும் ஒரே கணக்குக்கு அடங்குகின்றன என்று காட்டினார். மெதுவாக நகரும் ஒரு ரப்பர் துண்டை வைத்துக்கொண்டு, எந்தப் பொறியும் ஓட்டிப் பார்க்க முடியாத வேகங்களுக்கு அவரால் எட்ட முடிந்தது.

எதன்மேல் இழுத்தார் என்பது இதைவிட முக்கியம். ஒன்று, மேடுபள்ளமாக அலையடிக்கும் கண்ணாடி. கண்ணுக்கு அலை, மூலக்கூற்றுக்கு வழவழப்பு. இன்னொன்று கார்போரண்டம் உப்புத்தாள். கண்ணாடியில் வளைகோடு மெதுவான வேகத்தில் ஒரு மேடு காட்டியது. அங்கே உராய்வுக் குணகம் 2-ஐயும் தாண்டியது. தன் எடையைப்போல் இரண்டு மடங்கு விசையால் இழுத்தாலும் அசையாத பொருளைக் கூலோம் பார்த்ததில்லை. உப்புத்தாளில் பெரிய மேடு அதிவேகப் பக்கம் இருந்தது. மெதுவான பக்கத்தில் கண்ணாடி மேடு இருந்த இடத்தில் ஒரு சின்ன திமிலும் தெரிந்தது. பிறகு உப்புத்தாளின்மேல் மக்னீசியப் பொடியைத் தூவினார். ஒட்டல் போயிற்று, சின்னத் திமில் மறைந்தது, பெரிய மேடு அப்படியே நின்றது. ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடியால் ஒட்டலையும் தயக்கத்தையும் பிரித்துவிட்டார். மேடு வருகிற வேகத்தை ரப்பரின் தயக்கம் உச்சமடையும் அதிர்வெண்ணால் வகுத்தால் ஒரு நீளம் கிடைக்கும். உப்புத்தாளுக்கு அது மணிகளுக்கு நடுவிலான தூரத்தோடு ஒத்துப்போயிற்று. கண்ணாடிக்கு 6 நானோமீட்டர், மூலக்கூறு ஒட்டிப் பிய்ந்து அடுத்த இடத்துக்குத் தாவுகிற தூரம். இதை முதலில் படித்தபோது எழுந்து ஆய்வுக்கூடத்தைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்துதான் உட்கார்ந்தேன்.

கல்முனைகள் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்கிற ரோட்டில் நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் டயர் வழுக்குகிறது என்றால், ரப்பர் நொடிக்கு 20,000 தடவை குத்துப்படுகிறது. அவ்வளவு வேகமான குத்தில் எந்த ரப்பர் அதிகம் தயங்குகிறதோ அதுதான் நிற்கும். இன்று டயர் ஆலைகளில் 0 டிகிரிக்கு அருகே மெதுவாக அதிரவைத்து அளக்கிற தயக்கத்தை ஈரப்பிடிப்புக்கும், 60 டிகிரியில் அளப்பதை எரிபொருள் சிக்கனத்துக்கும் அடையாளமாக வைப்பது இந்தக் கணக்கின் பேரப்பிள்ளைதான். 1990-களில் கரிக்குப் பதில் சிலிக்கா வந்து இரண்டையும் ஓரளவு சேர்த்துக் கொடுத்தது. 2001-ல் ஜெர்மனியின் யூலிஷ் நகரில் பெர்சன் என்பவர் ரோட்டின் சொரசொரப்பை மில்லிமீட்டரிலிருந்து மைக்ரோமீட்டர் வரை அடுக்கடுக்காக எடுத்துக் கணக்கிடும் கோட்பாட்டை எழுதினார். அதெல்லாம் பெரிய வேலைகள். அடித்தளம் அந்த அலைக் கண்ணாடிதான்.

என்னை அதிகம் பாதித்தது வேறு. வெல்வின் நிலையத்துக்குச் சோறு போட்டது இயற்கை ரப்பர். அந்த நிலையத்தின் வேலை இயற்கை ரப்பரின் நன்மைக்கு உழைப்பது. அங்கிருந்தே வந்த அளவுகள்தான் ஈர ரோட்டில் செயற்கை ரப்பர் மேல் என்று சொல்ல ஆதாரம் தந்தன. சிங்கப்பூர் விழுந்ததால் பெருகிய ரப்பர், எங்கள் பாலைக் கார் ட்ரெட்டிலிருந்து வெளியே தள்ளியது. அதற்கான காரணத்தை எங்கள் செஸ் பணத்தில் கண்டுபிடித்து, மறைக்காமல் அச்சிட்டார்கள். அளந்ததை அளந்தபடி எழுதுவது என்றால் என்ன என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது இந்தச் செயல். எங்கள் கூடத்தில் ஒருவர் விற்பனைப் பிரிவு கேட்டபடி எண்ணைக் கொஞ்சம் தூக்கி எழுதச் சொன்னபோது, கிரோஷின் கட்டுரையை அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு ஒரு வருஷம் எனக்குச் சம்பள உயர்வு கிடைக்கவில்லை. நான் எழுதிய எண் அப்படியே நின்றது.

1984-ல் ஆறு மாதப் பயிற்சிக்காக அந்த நிலையத்துக்கே போனேன். அப்போது அது வெல்வினில் இல்லை. 1974-லேயே ஹெர்ட்ஃபோர்டுக்குப் பக்கத்தில் பிரிக்கண்டன்பரி என்ற பழைய மாளிகைக்கு மாறி, மலேசியர்களின் நிலையமாக ஆகிவிட்டது. இன்று துன் அப்துல் ரசாக் ஆய்வு மையம். இரண்டாம் உலகப் போரில் எதிரி நாட்டுப் பாலங்களையும் ஆலைகளையும் தகர்க்கப் போகிறவர்களுக்கு அந்த மாளிகையில்தான் பயிற்சி கொடுத்தார்கள். பெரிய மரங்கள், எப்போதும் ஈரமான பாதை, காலையில் மூடுபனி. விடியலில் நடக்கும்போது தோட்டத்துப் பெரட்டு நினைவுக்கு வரும்.

ஷலமாக் 1971-ல் எழுதிய விஷயத்தை அங்கேதான் கண்ணால் பார்த்தேன். ரப்பர் எப்படி வழுக்குகிறது என்பதே அந்தக் கட்டுரையின் தலைப்பு. மென்மையான ரப்பரின்மேல் ஒளி ஊடுருவும் பெர்ஸ்பெக்ஸ் குமிழை மெதுவாக நகர்த்தி, குமிழின் வழியாகவே நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். ரப்பர் மொத்தமாக வழுக்கவே இல்லை. முன்விளிம்பில் ஒரு மடிப்பு எழுந்து, ஒட்டியிருக்கிற பரப்பின் குறுக்கே அலையாக ஓடிப் பின்னால் போய் மறைகிறது, உடனே அடுத்தது. தரையில் விரித்த ஜமக்காளத்தை இழுக்க முடியாதபோது ஒரு ஓரத்தில் சுருக்கம் எழுப்பி அந்தச் சுருக்கத்தைத் தள்ளிக்கொண்டே போனால் ஜமக்காளம் நகருமே, அதே வித்தை. இதற்கு ஷலமாக் அலை என்று பெயர். ஏழு வருஷம் உராய்வை முள்ளின் நுனியில் மட்டும் பார்த்தவளுக்கு அது நடக்கிற இடத்தையே காட்டிவிட்டார்கள்.

கடுங்குளிரில் கணக்கு திரும்பிவிடும் என்பதையும் அங்கேதான் சரியாகப் புரிந்துகொண்டேன். பனிக்கட்டியின்மேல் எஸ்.பி.ஆர். விறைத்துக் கட்டையாகும்போது இயற்கை ரப்பர் இன்னும் குழைவாக இருக்கும். அதனால் எண்ணெய் கலந்த இயற்கை ரப்பரைக் குளிர்கால டயருக்கு அந்த நிலையம் முன்வைத்தது. பனியையே காணாத மரத்தின் பால் பனியில் நிற்கிறது. லாரிக்கும் விமானத்துக்கும் அது எப்போதுமே வேண்டியிருந்தது, சூடாகாது என்பதால்.

நான் போன சமயம் அங்கே கெல்லிங் என்ற வேதியியலாளரின் குழு ஒரு புதிய காரியத்தில் இருந்தது. பால் பாலாகவே இருக்கும்போது அதில் ஃபார்மிக் அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்த்து, ரப்பர் சங்கிலியில் ஆக்சிஜனை ஏற்றுவது. ஃபார்மிக் அமிலத்தின் நெடி மூக்கில் ஏறியதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எங்கள் தோட்டத்து ஸ்டோரில் பாலை உறைய வைக்க ஊற்றுவது அதைத்தான். சனிக்கிழமை தலைக்குக் குளித்த பிறகும் ஸ்டோர் ஊழியர்களின் சட்டையில் அந்த வாடை இருக்கும். இங்கே பால் உறையாதபடி ஒரு மருந்தைச் சேர்த்துவிட்டு, அதே அமிலத்தைக் கொண்டு அதன் குணத்தை மாற்றினார்கள். இரண்டில் ஒரு இடத்தில் ஆக்சிஜன் ஏறிய ரப்பரின் வில்லையைக் கையில் கொடுத்தார்கள். துள்ளல் ஊசலில் வைத்தேன். ஊசல் மோதிய இடத்திலேயே கிட்டத்தட்ட நின்றுவிட்டது. மரம் அதே மரம்.

பின்னால் 2008-ல் ஜப்பானின் சுமிட்டோமோ ரப்பர் இந்த மாற்றிய ரப்பரை வைத்து ஒரு கார் டயரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மலேசியா எக்கோபிரேனா என்ற பெயரில் இதைச் செய்கிறது. இன்னும் பரவியிருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம். இருபது வருஷம் இதற்காக ஒவ்வொரு கூட்டத்திலும் பேசியிருக்கிறேன்.

ஹெர்ட்ஃபோர்டிலிருந்து வரும்போது ஒரு வில்லையைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். பாட்டிக்கு அப்போது எழுபது வயது. மேற்பார்வைக்காரர் வீடுகளுக்குப் பின்னால் இருந்த பழைய லயத்தைவிட்டு வர மாட்டேன் என்று இருந்தாள். வில்லையை அவள் கையில் கொடுத்தேன். மோந்து பார்த்தாள். சிமெண்டு வாசலில் போட்டாள். தொப்பென்று விழுந்து அங்கேயே கிடந்தது.

"இது என்ன பாலு?"

"நம்ம பால்தான் பாட்டி. மருந்து போட்டு மாத்தியிருக்காங்க. மழையில நிக்கும்."

நான் சொன்னதை அவள் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. குழாயடித் துணிதுவைக்கிற கல்லுக்குப் போய், ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றி, சொரசொரப்பான ஓரத்தில் வில்லையை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தித் தள்ளினாள். இரண்டு மூன்று தரம் தள்ளினாள். பிறகு முந்தானையில் துடைத்து என்னிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"நிக்குதுதான்" என்றாள். "கிலோ என்ன வெலைக்கு எடுக்குறாங்க?"